சங்கரன்கோவிலில் நான்கு மில்லிமீட்டர்

1983 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, ஒரு கடிதம் வாங்க.

திருவனந்தபுரம் விண்வெளி மையத்தில் நான் பொறியாளர். செயற்கைக்கோளில் ஒரு பக்கத்துச் சூட்டை மறுபக்கம் கொண்டுபோவது வெப்பக் குழாய். சூடான முனையில் திரவம் ஆவியாகும்; குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகி, உட்சுவரிலுள்ள திரி வழியே திரும்பும். செயற்கைக்கோள் பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்ததும் திரி ஈடுகொடுக்காமல் உலர்ந்துவிடும் என்றது என் கணக்கு. உலராது என்றது சோதனை. கணக்கைத் தள்ளினார்கள்; பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. சோதனை மேசையை யாரோ வேண்டுமென்றே சாய்த்திருக்க வேண்டும் என்று இரண்டு வருடம் நம்பினேன். சூடான முனை தாழ்ந்திருந்தால் திரவம் தன் எடையாலேயே திரும்பிவிடும். விண்வெளியில் அந்தச் சலுகை கிடையாது. அதே குழாயை அடுத்த செயற்கைக்கோளில் பொருத்துவதா என்று திங்கட்கிழமை முடிவெடுக்க இருந்தார்கள். மேசையைப் பார்த்துக்கொண்ட ஞானமுத்து ஓய்வு பெற்று இந்த ஊரில் இருந்தார். மேசை சாய்ந்திருந்தது என்று அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் காலை 5.30 பேருந்து, தென்காசி 9.15, ஒன்பது ரூபாய். மலை முழுக்க மழை. அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம், மூன்று ரூபாய். சங்கரன்கோவிலில் ஒரு பொட்டு மழையில்லை, புழுதிக்காற்றுதான்.

விசைத்தறித் தெருவில் ஒருவரிடம் ஞானமுத்து வீட்டுக்கு வழி கேட்டேன்.

"ராக்கெட் அண்ணாச்சியா? அந்தா பச்சைக் கதவு. சத்தமாக் கூப்பிடுங்க, தறிச் சத்தத்துல எமன் வந்தாலும் அவருக்குக் கேக்காது."

ஞானமுத்து என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பழைய நோட்டோடு வந்தார்.

"மேசை விசயமாத்தான வந்திருக்கீய? சாஞ்சுதான் இருந்துச்சு சார். நாலு மில்லிமீட்டர்."

"யார் சாய்த்தது?"

"ஒருத்தரும் சாய்க்கல. தரை ஒரு பக்கமா எறங்கிட்டு. அன்னைக்குச் சோதனைப் பொறுப்பு உங்களுக்குத்தான; சரி பண்ண ஒரு நாள் ஆவும்னு உங்ககிட்டதான் சொன்னேன். 'நாலு மில்லிமீட்டர்தானய்யா, சோதனைய ஓட்டும்'னு நீங்கதான் சொன்னீய."

நோட்டில் அதுவே, தேதியோடு.

என்னைப் பற்றிய வரியை விட்டுவிட்டு எழுதித் தரக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நோட்டுல இருக்கததான் எழுதுவேன். வேணும்னா கொண்டு போங்க, இல்லன்னா காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் எழுதித் தந்ததைக் கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் இந்தப் பக்கம் வராதீர்கள், பேருந்தில் நிற்க இடமிருக்காது. தென்காசிக்குத் திரும்ப மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை கடிதத்தை அப்படியே கொடுத்தேன். மேசையைச் சமப்படுத்தி மறுபடி சோதித்தார்கள். என் கணக்குப்படியே குழாய் உலர்ந்தது. அதைச் செயற்கைக்கோளில் வைக்கவில்லை. சாய்வு தெரிந்தும் ஏன் சோதனையை ஓட்டச் சொன்னீர்கள் என்று எனக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. மேசையைச் சாய்த்தவர் இவராக இருக்குமோ என்று இரண்டு வருடம் யார் யாரிடமோ முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை.