பட்டாணிக்காகத் திரும்பி நின்றோம்

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது, நகரவில்லை. முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர். பின்னாலிருந்து குரல் வராவிட்டால் அவருக்குக் கால் கிளட்சை விடாது. தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற நான்தான் இப்போது அவருக்குக் கண்டக்டர்.

“போலாம், ரைட்!” என்றேன். கிளம்பினோம்.

யாரும் போகாத மாதத்தில் போவதுதான் எங்கள் வழக்கம். கொடைக்கானலைக் கொட்டும் மழையில் பார்த்தோம், குற்றாலத்தைத் தண்ணீர் இல்லாமல் பார்த்தோம். இந்த ஆவணியில் பெரம்பலூர், அரியலூர், ஐந்து நாள். பழைய டெம்போ வேனில் கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்துச் சொந்த வீடு போலாக்கிய பிறகு இதுதான் முதல் பயணம். கூடவே எங்கள் சாம்பல் நிறக் கடுவன் பூனை, நாலு வயதுப் பட்டாணி. அவனை விட்டுவிட்டு நான் எங்கும் வரமாட்டேன். அவனுக்கு ஒத்துவராவிட்டால் வேனை விற்றுவிட வேண்டும் என்பது பேச்சு. ஒப்புக்கொண்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

காலை 7.20, சிறுவாச்சூர். நாற்பத்தெட்டு கிலோமீட்டர். காளி கோயிலில் கூட்டம் அலைமோதும் என்று கேள்வி. ஈ காக்கை இல்லை. “பாத்தியா வசந்தா, நம்ம ராசிய!” என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார். போனால் கதவு பூட்டியிருக்கிறது. எதிரே டீக்கடை அம்மா சிரித்துவிட்டார்.

“ஆத்தா திங்களும் வெள்ளியுந்தாங்க இங்க இருக்கும். மத்த நாளு மலைக்குப் போயிரும். செவ்வாக்கெழம வந்து நிக்கிறீங்களே!”

கூட்டமில்லாத நாளாகப் பொறுக்கி வந்தால் ஆத்தாளே ஊரில் இல்லை. டீ பன்னிரண்டு ரூபாய், சிரிப்பு இலவசம்.

அங்கிருந்து ரஞ்சன்குடிக் கோட்டை. மேலே ஏறி நின்றதும் காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கீழே எங்கு பார்த்தாலும் முழங்கால் உயர மக்காச்சோளம். அறுபத்திரண்டு வயதில் “ஓ!” என்று கத்தினேன். அவரும் கத்தினார். கேட்க யாருமில்லை, அதற்குத்தானே இந்த மாதத்தில் வந்தோம்!

மாலை 4 மணி, கொளக்காநத்தம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். கேட்டதும் இரவு தங்க இடம் கொடுத்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். பட்டாணியின் மண் தட்டு போட்டது போட்டபடி கிடந்தது. காலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒன்றுக்குப் போனவன், அதற்குப் பிறகு போகவே இல்லை. கடையில் நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய வாசனை மண்ணை முகர்ந்து, காலை உதறிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டான்.

வீட்டுக்காரர் வாளியோடு ஓடினார். கரிசல் மண் வந்தது, செம்மண் வந்தது. நாங்கள் இருவரும் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து “போடா கண்ணா” என்று கெஞ்சினோம். அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான், அவ்வளவுதான். திருச்சியில் அவனைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டேன்.

“ஆண் பூனைக்கு அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்தும்மா. காலைக்குள்ள போகலேன்னா நேரா தூக்கிட்டு வந்துருங்க.”

புதன்கிழமை, காலை 6 மணி. தட்டு காய்ந்தே கிடந்தது. “திருச்சிக்கே போயிடலாங்க” என்றேன். ரைட் சொல்லாமலே வண்டி கிளம்பியது. இத்தனை வருஷத்தில் அப்படி அவர் வண்டி எடுத்து நான் பார்த்ததில்லை.

காரை என்ற ஊரைத் தாண்டும்போது பட்டாணி அடித்தொண்டையில் கத்தினான். நிறுத்தச் சொன்னேன். கழுத்து வாரில் கயிற்றைக் கோத்து இறக்கிவிட்டோம். சாலையோரம் புல் பூண்டில்லாத மண்மேடுகள், மழை அறுத்த பள்ளங்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாயில் கையை வைத்தாள்.

“ஏங்க, பூனையப் போயி கயித்துல கட்டி மேய்க்கிறீங்க?”

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“மூணு பேரு மொறச்சுப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்புடிங்க போவும்? அதுக்கு வெக்கம் இருக்காதா? அந்தப் பக்கம் திரும்புங்க!”

திரும்பி நின்றோம், அவளும்தான். பத்துக் கோடி வருஷத்துக்கு முன் இங்கே கடல் இருந்ததாம். சிப்பியும் நத்தையும் கல்லாகிப் புதைந்து கிடக்கும் கடலடி மண் வெயிலில் கண்ணாடித் தூளாய் மின்னியது. இதைப் பார்க்கத்தான் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தேன். ஆனால் என் காது மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

பறக், பறக்.

“திரும்பாதீங்க!” என்று அந்தப் பெண் அதட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை, ஓரக்கண்ணால் பார்த்தேன். பட்டாணி குழி பறித்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தான். போய்க்கொண்டே இருந்தான்! முடித்ததும் குழியை நிதானமாக மூடினான். தோண்டியதில் மேலே வந்திருந்த பென்சில் முனை மாதிரி ஒரு கல்லும் அதோடு உள்ளே போயிற்று. எந்தக் காலத்துக் கடல் பிராணியோ, இவன் மூடிவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மணி 6.40. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மேற்கே போனால் பாடாலூர், திருச்சி, வீடு. கிழக்கே அரியலூர். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, என்ஜினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தார்.

நான் படியில் நின்று கதவைத் தட்டினேன்.

“அரியலூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்டசோழபுரம்! அரியலூரெல்லாம் ஏறு!”

“ஆடு மட்டும் இல்லாட்டி நானும் வந்துருவேங்க!” என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். கட்டிலில் பட்டாணி கால் நீட்டிப் படுத்தாயிற்று.

“போலாம்,” என்றேன், “ரைட்!”