அத்தைக்கு ஒன்றும் வரவில்லை

பட்டாபிராமில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் மூணு சீட்டுப் போட்டி நடக்கும். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். மொத்தமும் யாரிடம் சேர்கிறதோ அவருக்கே ஜெயம். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம் மட்டும் இருந்தது.

அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அப்போது இருபத்தெட்டு வயது. தினமும் ரயிலேறி சென்ட்ரல் பக்கம் வேலைக்குப் போய்வந்தாள். பெரியப்பா கொண்டுவந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாயில் உட்கார்ந்ததுமே பெரியப்பா அவளிடம் ஆரம்பித்தார்.

"இதோ பாரு பாப்பா, நான் ஜெயிச்சா புது வருசத்தன்னிக்கு மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி பேசாம வந்து நிக்கணும். நீ ஜெயிச்சா ஒரு வருசத்துக்கு இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

நான் பெரியப்பா கட்சி. கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை உண்டு என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மூன்றாவது ஆட்டத்திலேயே எனக்கு மூன்று ராணிகள் வந்தன. மூன்றும் ஒரே மாதிரி வந்தால் அதற்கு மேல் சீட்டு ஏது? துள்ளிக் குதித்தேன். ஐந்து பேரும் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். ஆளுக்கொன்றாக நடுவில் போட்டிருந்த ஆறு கொட்டைதான் கிடைத்தது.

"மூஞ்சிலயே எய்தி ஒட்டிகினு கீறா பாரு" என்று பெரியப்பா சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் நான் காலி. அத்தையின் முதுகில் சாய்ந்து, தோளுக்கு மேலாக அவள் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். அம்மாவும் பெரியம்மாவும் எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். அப்பா எதற்கும் பின்வாங்காமல் கட்டுகிற ஆள். அதனால் நல்ல சீட்டு வந்ததும் அத்தை தயங்காமல் அள்ளிக் கட்டினாள். அவரும் காலி.

மிஞ்சியது பெரியப்பாவும் அத்தையும். பெரியப்பா எதிராளி தயங்கினால் கொட்டையை அள்ளிக் கட்டி விரட்டுகிறவர். அவரிடம் மட்டும் அத்தை நல்ல சீட்டு வந்தாலும் பெருமூச்சு விட்டு, ஒன்றிரண்டு கொட்டைதான் வைத்தாள். ஆனாலும் அவர் சிக்கவில்லை. அத்தைக்கு நல்லது வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார், சீட்டைக் கவிழ்த்துவிடுவார். என்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு தடவை அப்படி நடந்தது. அடுத்த ஆட்டத்தில் அத்தை சீட்டை மார்போடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. என்ன வந்தது என்று காதில் கேட்டேன்.

"ஒண்ணுமே வரலடி, செல்லம். அத்தை தோத்துட்டேன்" என்று கிசுகிசுத்தாள்.

பட்டுப்பாவாடை கண்முன்னே வந்து நின்றது. அத்தை இரண்டு கொட்டை வைத்தாள். பெரியப்பா எட்டு வைத்தார். அத்தை விட்டத்தைப் பார்த்தாள், நகத்தைக் கடித்தாள், மெதுவாக எட்டை எண்ணி வைத்தாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் பல் தெரியச் சிரித்தேன். அவர் தன் குவியலை இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

"இன்னா பாப்பா, ஓடிடுறியா?"

"பாத்துடலாம்ண்ணே."

அவரிடம் ஒரு ஜோடி ஆஸ் இருந்தது. அத்தை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஏழு. ஏழு. ஏழு.

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அந்த ஒரு வருடத்துக்குள், தன்னோடு ரயிலில் வருகிற அண்ணனூர்க்காரர் ஒருவரை அத்தை வீட்டுக்கே அழைத்துவந்து நிறுத்தினாள். கோயிலில் முன்வரிசையில் நின்று கல்யாணத்தை நடத்திவைத்ததும் பெரியப்பாதான்.

அன்று மத்தியானம் எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒன்றும் வரவில்லை என்று சொல்லி ஏமாற்றிவிட்டாளே என்று கோவென்று அழுதேன். அத்தை என்னை மடியில் இழுத்துப்போட்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"ஏய், உன்னாலதான்டி ஜெயிச்சேன்."

நான் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லையே. அழுகையை நிறுத்தத்தான் இதையும் சொல்கிறாள் என்று நினைத்து, இன்னும் உரக்க அழுதேன்.