எண்பது அம்பியர்

வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம் வைத்தவன் நான்தான். வேறு யாரையும் திட்ட எனக்கு வழியில்லை.

வருடா வருடம் ஆயுத பூசைக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள என் பட்டறையில் செய்வதைத்தான் அன்றும் செய்தேன். பழைய மெஷின் வெறும் இரும்புப் பெட்டி. மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளும். இது புதுசு. முன்பக்கம் சிவப்பு எண்கள் எரியும் டிஜிட்டல் பனல், அதற்குக் கீழே ஒரே ஒரு குமிழ். எல்லாவற்றையும் அந்தக் குமிழைத் திருப்பித்தான் செட் பண்ண வேண்டும். நான் கை நிறையத் தண்ணீர் அள்ளிப் பனலில் தெளித்துவிட்டு, குமிழிலேயே பெரிய பொட்டாக வைத்தேன். கற்பூரம் காட்டி, "இந்த முறை என்னைப் பாஸ் பண்ண வை தாயே" என்று வாய்விட்டுக் கேட்டும் கொண்டேன். அறிவுகெட்ட வேலை.

பாஸ் பண்ண வேண்டியிருந்தது ருமேனியா வேலைக்கான டெஸ்ட். மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் இரண்டை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டிக் காட்ட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரே ஒரு தரம். பிழை விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விடுவார்கள். நாற்பத்தைந்து வயது தாண்டியவனை எடுக்கமாட்டார்கள். எனக்கு நாலு மாதத்தில் நாற்பத்தைந்து முடிகிறது.

அதற்கு முன்பே, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வெள்ளவத்தை அனெக்ஸில் மனைவி முடிவைச் சொல்லிவிட்டாள். கேற், கிறில் என்று வீடு கட்டுகிறவர்கள் தரும் வேலை நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. "நீங்கள் எடுபட்டா நீங்கள் போங்கோ. இல்லாட்டி நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறன். ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டிருந்து சரிவராது" என்றாள். சண்டை பிடிக்கிற குரல் இல்லை அது. சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். ஏஜென்சிக்காரன் கொடுத்த படிவத்தை அவள் நிரப்பியே வைத்திருந்தாள். எங்கள் சின்னவளுக்கு ஆறு வயது, மூச்சிழுப்புக்காரி, தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள். நான் போனால் பிள்ளைகள் சமாளிப்பார்கள். அவள் போகக் கூடாது. எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

பூசைக்கு மறுநாள் மெஷினைப் போட்டேன். கடைசி எண்ணின் பாதி வெளிச்சம் செத்துப் போயிருந்தது. மூன்றா, எட்டா, ஒன்பதா, ஒன்றும் விளங்கவில்லை. சந்தனம் குமிழின் அடியில் இறங்கிக் காய்ந்திருந்தது. இரண்டு கிளிக் திருப்பினால்தான் ஓர் எண் ஏறியது. ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிரஷ்ஷால் தேய்த்தேன், ஊதினேன், கண்டபடி ஏசினேன். மெஷின் ஏச்சுக்கு அசைகிற சாதி இல்லை.

மருதானையில் மெஷின் திருத்துகிற முஸ்லிம் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் பனலைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மச்சான், மெஷினக் குளிப்பாட்டினீங்களா?"

"பூசை நானா."

"நல்ல பூசதான். புதுப் பனல் போடணும். சாமான் வர மூணு கிழம பிடிக்கும்."

"டெஸ்டுக்கு ஒன்பது நாள்தான் நானா இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பனலைத் திரும்பப் பூட்டித் தந்தார்.

டெஸ்ட் எடுக்கிற இடத்தில் இருந்ததும் இதே வகை மெஷின். அதற்காகத்தான் இதைத் தேடி வாங்கினேன். அதனால் உள்ளதை வைத்தே பழகினேன். மெல்லிய குழாய்க்குக் கரண்ட் மேலும் கீழுமாக மாறி மாறி அடிக்க வேண்டும். ரீசெட் பண்ணினால் மேல் கரண்ட் அறுபது அம்பியரில் நிற்கும். எனக்கு எண்பது வேண்டும். நாற்பது கிளிக். கீழ்க் கரண்டுக்கு இருபது கிளிக். பனல் காட்டுவது பொய், அதைப் பார்க்காதே, எண்ணு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டிய இடம் பொன்நிறமாக வந்தால் கணக்குச் சரி. ஏழாம் நாள் கண்ணை மூடிக்கொண்டே செட் பண்ணினேன், பொன்னாக வந்தது. அன்று பட்டறையில் தனியே நின்று அழுதுவிட்டேன், சந்தோசத்தில்.

டெஸ்ட் எடுத்தவர் சிங்களவர், என்னைவிட இளையவர், மரியாதையானவர். ஒவ்வொருவரும் ரீசெட் பண்ணித் தாங்களே செட் பண்ண வேண்டும் என்றார். என் முறை வந்தது. குமிழைப் பிடித்தேன். நாற்பது கிளிக். பிறகு இருபது.

"அய்யே, ஹரித?" என்றார். அண்ணை, சரியா என்று கேட்கிறார்.

"ஹரி" என்றேன்.

பனலில் மேல் கரண்ட் நூறு என்று எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் பார்த்தேன். பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல், நூறு. பழுதில்லாத மெஷினில் ஒரு கிளிக்குக்கே ஓர் எண் ஏறும். ஒன்பது நாளாகப் பனலை நம்பாதே என்று பழக்கிய கண், அதையும் நம்பவில்லை. முகமூடியை இறக்கினேன். தொட்ட மாத்திரத்தில் உலோகம் கலங்கி உள்ளே விழுந்தது. குழாயில் விரல் நுழைகிற ஓட்டை.

அவர் அதைத் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இன்னொரு குழாய் தரச் சொல்லிக் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் தீர்ந்துபோய்த் தமிழிலும் கெஞ்சினேன். என் வேலையைப் பாருங்கள், பனலை விடுங்கள், இருபது வருடக் கை இது என்றேன். வரிசையில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் என் பெயருக்கு நேரே ஒரு கோடு கீறிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம். மனைவி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"சரிவரேல்ல" என்றேன். "ஓட்டை விழுந்திட்டுது."

அவள் கை நின்றது. பிறகு மிச்சத் தேங்காயையும் திருவி முடித்தாள். ஏன், எப்படி என்று கேட்டிருக்கலாம், நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சின்னவளுக்கு இழுப்பு வந்தாப் படுக்க விடாதேங்கோ. நிமித்தி இருத்தி முதுகைத் தடவுங்கோ. பம்பை வாயில வைச்சு ரெண்டு தரம் அடியுங்கோ. நான் இல்லையெண்டு அழுவாள். அழுதா இழுப்புக் கூடும், அழ விடாதேங்கோ."

எப்படி அழ விடாமல் வைத்திருப்பது என்று அவள் சொல்லவில்லை. நான் ஓம் என்றேன்.