சொல்லி வைத்திருக்கிறேன்

தொண்ணூறுகளின் பின்பாதியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். அதன்பிறகு ஆறேழு மாதம் எனக்கு ஒரே வேலைதான்: தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடுவது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் நின்று போடுவேன். முதல் தடவை எல்லாரும், "அடடே, நீங்களா! பயோடேட்டா அனுப்புங்க" என்பார்கள். இரண்டாம் தடவை, "சொல்லி வெச்சிருக்கேன்" என்பார்கள். மூன்றாம் தடவையிலிருந்து ஆளே இருக்கமாட்டார். மீட்டிங், லீவு, இப்பத்தான் வெளியே போனார். கடைசியில் பூத்துக்கார அம்மாளே என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இன்னிக்கும் மீட்டிங்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் சுபாவத்துக்கு அது சுலபமும்கூட. ஆனால் வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டாமா? பத்து வருஷத்துக்கு முன்னால் அதே இரண்டு வார்த்தையை வைத்து ஒருத்தியை நான் அலைய விட்டிருந்தேன்.

அவளும் நானும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷின். லோயர், ஹையர் இரண்டும் சேர்ந்தே எழுதினோம். நான் பாஸ், அவள் முதல் வகுப்பு. அவள் தட்டும்போது மெஷினைப் பார்க்கவே மாட்டாள், ஜன்னல் வழியாக ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டே தட்டுவாள். அவள் வீடு ஆவடியில், சேக்காட்டில். தாத்தா காலத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா ஒரு வார்ப்படப் பட்டறையில் கூலிக்கு இருந்தார். அந்த வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறவள் இவள்தான் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை கிடைத்தது என்னவோ எனக்கு. மாமா ஒருவர் மூலமாக எஸ்டேட்டில் டைப்பிஸ்ட், அதுவும் தற்காலிகமாக. அவள், நாங்கள் படித்த அம்பத்தூர் இன்ஸ்டிடியூட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு ஏ எஸ் டி எஃப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரே ரயில். அவள் ஆவடியில் ஏறி, லேடீஸ் பெட்டியில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துவிடுவாள். திருமுல்லைவாயிலில் நான் ஏறுவேன். அம்பத்தூரில் இருவரும் இறங்குவோம்.

அந்தச் சில நிமிஷத்துக்குள் நான் விட்ட பீலா இருக்கிறதே! "எங்க மேனேஜர் நான் சொன்னா தட்டமாட்டார்டி" என்றேன் ஒருநாள். நரம்பில்லாத நாக்கு. அந்த மேனேஜரிடம் அதுவரை நான் பேசியதெல்லாம் "எஸ் சார்" மட்டும்தான்.

"அப்ப எனுக்கும் ஒரு வார்த்த சொல்லேண்டி" என்றாள்.

"சொல்றேன்."

அடுத்த வாரம் கேட்டாள். "சொல்லி வெச்சிருக்கேன்" என்றேன். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த நாளை வரவே இல்லை. அப்புறம் அவள் வாய்விட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் ஏறியதும் பையை எடுத்து இடம் கொடுப்பாள், புருவத்தை மட்டும் லேசாக உயர்த்துவாள். அந்தப் புருவத்தைத் தாங்க முடியாமல் நான் கடைசிப் பெட்டிக்கு மாறினேன். ஆம்பளைகள் கூட்டத்தில் நசுங்கி நின்றபடி வருவேன். அம்பத்தூரில் அவள் படியேறிப் போகும்வரை தண்ணீர்க் குழாயருகே நின்றுவிட்டுத்தான் நகர்வேன். மூன்று பெட்டி தள்ளி அவள் பை எனக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இதுவரைகூட சோம்பல், பயம் என்று மழுப்பிவிடலாம். அந்த மாதக் கடைசியில் நடந்ததை மழுப்ப முடியாது. மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"டிஸ்பேட்ச்சுக்கு ஒரு டைப்பிஸ்ட் வேணும்மா. உனக்குத் தெரிஞ்ச நல்ல பொண்ணு யாராச்சும் இருக்கா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தட்டுவது ஞாபகம் வந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அவள் பக்கத்தில் நான் தட்டினால் என் லட்சணம் ஒரே நாளில் தெரிந்துவிடுமே!

"யாரும் இல்ல சார்" என்றேன். பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைக்க இத்தனை வருஷமாகத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். உள்ளே போகும்போது 'இல்லை' என்று நான் கையாட்டியதைப் பார்த்து அம்மா, "அவ இல்லியேம்மா, வெளியில போயிருக்கா" என்றாள்.

"பாடியில ஒரு கம்பெனியில கூப்ட்டுக்கீறாங்க ஆன்ட்டி. வெள்ளிக்கெழமக்குள்ள வந்து சேரணுமாம். ஆனா இவ எனுக்காக அவங்க ஆபீசுல சொல்லி வெச்சிக்கீறா. நான் பாட்டுக்கு அங்க போய்ட்டா இவளுக்கு அசிங்கமா பூடும்ல? அதான் ஒரு வார்த்த கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். திறந்து, "போடி பைத்தியமே, பாடிக்கு ஓடு" என்று சொன்னால் முடிந்தது. சொன்னால், இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யா என்பாளே! குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போனதும் அம்மா கதவைத் தட்டி, "ஏண்டி, அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தியா? நல்லா இருக்குதாடி இது?" என்றாள். நான் அம்மா மேல் எரிந்து விழுந்தேன். குற்றம் செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும்.

புதன்கிழமை ஒரு ரிப்ளை கார்டு வந்தது. இரண்டு கார்டு ஒட்டினாற்போல் இருக்குமே, அதுதான். பதில் எழுத வேண்டிய பாதியில் தன் விலாசத்தை அவளே டைப் அடித்திருந்தாள். பின்பக்கத்தில் நடுவாக இப்படி: "வேலை உண்டு / வேலை இல்லை. வேண்டாததை அடித்துவிடவும்." எந்த ஆபீசிலும் கால் வைக்காதவள், ஆபீஸ் படிவம் மாதிரியே தயார் செய்து அனுப்பியிருந்தாள். எனக்கு எழுதக்கூட சிரமம் இருக்கக் கூடாதாம். ஒரே ஒரு கோடு போட்டால் போதும்.

நான் போடவில்லை. வியாழக்கிழமை கார்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன், திரும்ப எடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. பதில் வராவிட்டால் அவளே புரிந்துகொண்டு பாடிக்குப் போய்விடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதில் வராததை அவள் வேறு மாதிரிப் படித்திருக்கிறாள்: "இல்லை" என்றால் உடனே அடித்து அனுப்பியிருப்பாளே, அனுப்பவில்லை என்றால் மேனேஜரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் அவள் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிற பக்கமாக நடப்பதைக் குழாயருகே நின்று பார்த்தேன். அவள் பாடிக்குப் போகவில்லை. நேராக மேனேஜர் அறைக்குள் போய் நின்றேன்.

"சார், எனக்கு ஒரு பொண்ணைத் தெரியும் சார். நல்லா தட்டுவா. என்னைவிட நல்லா தட்டுவா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அன்னிக்குக் கேட்டப்ப யாரும் இல்லன்னியே? சனிக்கிழமைதானே வேற பொண்ணுக்கு ஆர்டர் கொடுத்தேன். ஒரு வாரம் முன்னாடி வாயத் திறந்து சொல்லக் கூடாதா?"

எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்ற முடிவோடுதான் அன்று சாயங்காலம் சேக்காட்டுக்குப் போனேன். சத்தியமாக அந்த முடிவோடுதான். வாசலில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடித்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "இன்னாடி, இவ்ளோ தூரம்? கேட்டியா? இன்னா சொன்னாரு?"

"கேட்டேன். ஆள் எடுத்தாச்சாம்" என்றேன்.

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எப்போது கேட்டேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் முகம் கறுத்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடுடி. நீ இன்னா பண்ணுவே? எனுக்காகக் கேட்டதுல உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடலியே?" என்றாள்.

உள்ளிருந்து அவள் அப்பா வந்தார். பட்டறைக் கரி கழுத்து மடிப்பில் அப்படியே இருந்தது. பாடி வேலையை விட்டதற்காக அப்பாவும் பெண்ணும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். என் அப்பா வயது.

"நாந்தாம்மா தப்பா பேசிட்டேன். 'வேல கெடச்சிப் போனவ எவடி உன்ன நெனச்சிகினு கீறா, உன்ன ஏமாத்துறா அவ'ன்னு ஏசிட்டேன். நீ இன்னாடான்னா எங்க பொண்ணுக்காகப் பெரியவங்க கிட்ட போய்க் கேட்டுட்டு, அதச் சொல்ல இம்மாந்தூரம் வந்துக்கீறே. மனசுல வெச்சிக்காதம்மா. மன்னிச்சிடு."

அவள் என் கையை இன்னும் விடவில்லை. இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பரவால்லப்பா" என்று சொல்லி அவரை மன்னித்தேன்.