கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் என் வீட்டுக்காரருடைய பட்டாள நம்பரும் பெயரும் எழுதியிருக்கும். இப்போது பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. அந்தப் பெட்டியைப் பார்த்தால் போதும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அது கட்டிலுக்கடியில் இருந்தால் மனுஷன் லீவில் வந்திருக்கிறார். இடம் காலியாக இருந்தால் எங்கேயோ பனியிலோ மணலிலோ காவல் நிற்கிறார். என் மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் குனிந்து அங்கேதான் பார்ப்பாள். பெட்டி இருந்தால் "நைனா!" என்று கத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடுவாள். அவர் அங்கேதான் கிணற்றடியில் எதையாவது தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்.

லீவு முடிகிற அன்று திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து மூன்று பேரும் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போவோம். பிளாட்பாரத்தில் பெட்டியை வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். கிளாஸ் காலியானதும் எங்களை விரட்ட ஆரம்பித்துவிடுவார். "நீ கெளம்பு. வண்டி போறத பாத்துகினு நிக்கக் கூடாது." அது பட்டாளத்துக்காரர்களின் பழக்கமா, அவராக வைத்துக்கொண்ட சட்டமா, எனக்குத் தெரியாது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவேன். நான் வாயாடிதான், ஆனால் அந்த ஒரு பேச்சை மட்டும் மீறியதில்லை. அத்தனை வருஷத்தில் அவர் ஏறிய வண்டி கிளம்பி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ரிட்டயர் ஆகி வந்தபிறகு என் பாடு பெரும்பாடாகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு மாசம் புருஷனைப் பார்த்துப் பழகியவளுக்கு வருஷம் முழுக்கப் புருஷன் என்றால் சும்மாவா? போர்வையில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, செருப்பு கோணலாகக் கிடக்கக் கூடாது. "இனிமே உனக்குத்தான் லீவு கெடையாது" என்று சிரிப்பார். சாயங்காலங்களில் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். வலை உலர்த்துகிறவர்கள் "மிலிட்டரி அண்ணாத்த" என்று கூப்பிட்டு மீனைக் கையில் திணிப்பார்கள். அவர் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் கால் வலிக்கும், வீட்டில் வேலை கிடக்கும். ஆனாலும் எழுந்து போகலாம் என்று சொல்ல மனசு வராது. நான் சந்தோஷமாக இருந்த காலம் அது.

அப்புறம்தான் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர். ஒருநாள் காலையில் சவரம் செய்து, பூட்ஸ் மாட்டி, பெட்டியை இழுத்து வாசலில் வைத்துக்கொண்டு நின்றார். "லீவு முடிஞ்சிச்சி. வண்டிக்கு நேரமாச்சி." நீங்கள் பென்ஷன் வாங்குகிற ஆள் என்று சொன்னேன். மகள் அழுதாள். கையைப் பிடித்து இழுத்தால் உதறினார். பட்டாளத்தில் நேரத்துக்குப் போகாதவனை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று நடுங்கினார். குண்டுச் சத்தத்துக்கு நடுங்காத மனுஷன், தன் வீட்டு வாசலில் நின்று நடுங்கினார்.

மகள் பிறந்தபோது லீவை நீட்டச் சொல்லித் தந்தி கொடுத்திருந்தார். நீட்டியாகிவிட்டது என்று பதில் தந்தி வந்தது. அது ஞாபகம் வந்து, "தந்தி வந்துகீது. லீவ நீட்டிட்டாங்களாம்" என்று சொல்லிப் பார்த்தேன். நாட்டில் தந்தியே நின்றுபோய்விட்டது, அது அவருக்கு எங்கே தெரியும்? முகம் அப்படியே மலர்ந்தது. உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தானே தள்ளினார். மறுநாள் காலையில் மறுபடியும் பூட்ஸ், பெட்டி, வாசல். தினமும் இதே பொய்யைச் சொன்னேன், தினமும் அதே சிரிப்பைச் சிரித்தார். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரயில் போகிற சத்தம் கட்டில்வரை கேட்கும். அன்று சாயங்காலம் ஒரு வண்டி கூவியபோது கண்ணைத் திறந்தார்.

"நீ கெளம்பு. பொண்ண கூட்டிகினு போ."

"தந்தி வந்துகீதுங்க. லீவ நீட்டிட்டாங்க."

என்னைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"இந்த வாட்டி நீட்ட மாட்டாங்க. பாத்துகினு நிக்காத, போ."

நான் போகவில்லை. வெளியே இருக்கச் சொன்ன நர்ஸம்மாவிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு இழுத்தது, நின்றது, திரும்ப இழுத்தது, பிறகு இழுக்கவில்லை. நின்று பார்த்ததைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. ஏன் பார்க்கக் கூடாது என்று விரட்டினார் என்பது அப்போது புரிந்தது.

மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள், கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறாள். என்னோடு வந்துவிடு என்கிறாள். பெட்டியை என்ன செய்வது என்று நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில்கூட அவராகத் தள்ளி வைத்த பெட்டி அது.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். பெட்டி இருந்தது. தோட்டத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.