லிப்ட் பளுது

லிப்ட் மெக்கானிக்குக்கு ‘மாடிப்படி’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக லிப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், கதவு மூடிய லிப்டுக்குள் மட்டும் நிற்க மாட்டார். பெட்டியின் கூரைமேல் ஏறி வேலை செய்வார், அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கித் துடைப்பார், உள்ளே போகச் சொன்னால் மட்டும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஏறிவிடுவார். கேட்டால் “உடம்புக்கு நல்லதுங்க” என்பார். உடம்பாவது மண்ணாவது! பயம் ஐயா, பயம்.

பயம் அவருக்குக் கூடப் பிறந்தது. டெலிபோன் மணிக்குப் பயம், நாய்க்குப் பயம், தபாலில் வரும் பழுப்பு உறைக்குப் பயம், மேலதிகாரி தும்மினால்கூடப் பயம். “கல்யாணத்தன்னைக்கு என்னைப் பார்த்தே மனுஷன் பயந்தாரு” என்பாள் மனைவி. அவள் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவள். வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

லிப்ட் பயம் மட்டும் நடுவில் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், பழைய கட்டடம் ஒன்றில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம். கயிறு அறுந்து விழாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய், அன்றைக்குத் தனக்குச் சொல்லிக்கொள்ளத் துப்பில்லாமல் உலர்ந்து கிடந்தது. சட்டை தொப்பலாக நனைந்து, மூச்சு முட்டி, மூலையில் குந்திவிட்டார். பையில் கிடந்த சின்ன ரேடியோவைத் திருகினார். ஒரு பெண் குரல் வந்தது. பாடுகிறாளா, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிறாளா என்று சொல்ல முடியாத குரல்.

“இன்னைக்குக் கூரை விழலை,
இன்னைக்கு மாடி விழலை,
முன்பல்லு ரெண்டும் விழலை,
நானும் இன்னும் விழலை...”

பின்னால் ‘டப்... டப்...’ என்று ஏதோ ஒரு தாளம். மாடிப்படியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அதற்கப்புறம் மூச்சு வந்தது. லிப்டைத் திறந்து ஆட்கள் அவரை வெளியே தூக்கியபோது அந்த நாலு வரியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம்.

குழுவின் பெயர் ‘கதவைச் சாத்து’. மூன்று பேர். அக்கா பாடுவாள். தங்கை பொம்மைக் கீபோர்டு ஒன்றை வாசிப்பாள், அதில் இரண்டு கட்டைகள் ஊமை. அக்கா புருஷன் ஒரு குடையை விரித்து மடக்குவார், அதுதான் அந்த டப் டப். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று நாலு தடவை திரும்பி வந்து பார்க்கிறவனைப் பற்றி ஒரு பாட்டு, ஒற்றைக் கையுறைக்கு ஒரு பாட்டு. சினிமா இல்லை, பெரிய கம்பெனி இல்லை. இதையெல்லாம் எவன் கேட்பான்?

மாடிப்படியார் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் ஊரையும் கேட்க வைக்கக் கிளம்பினார். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில், “என்ன பாட்டுய்யா இது?” என்று ஒருவர் கேட்டார். “கதவைச் சாத்து” என்றார் இவர். அந்த நல்ல மனிதர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “சாத்தியாச்சு. இப்ப சொல்லு, என்ன பாட்டு?” என்றார். வீட்டில் இன்னும் மோசம். “கதவைச் சாத்து” என்று இவர் ஆரம்பித்தாலே மனைவி அறைக்குள் போய்ப் படாரென்று சாத்திக்கொள்வாள். “அது பாட்டாங்க? குழாய் ரிப்பேர் பண்ற சத்தம்!”

கடைசியில் ரேடியோவுக்கு எழுதினார். ‘கேட்டால் போடுவோம்’ என்று ஒரு நிகழ்ச்சி. பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், தொழிலை மட்டும் எழுதினால் போதும். ‘ஒரு லிப்ட் மெக்கானிக்’ என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் பாட்டு வந்தது. அறிவிப்பாளரம்மா சொன்னாள்: “இந்தக் குழுவுக்கு எங்களிடம் வந்திருக்கும் முதல் கடிதம் இது.”

அந்த ஒரு வார்த்தை மனிதரின் நெஞ்சைப் பிசைந்துவிட்டது. எட்டு வருஷமாகப் பாடுகிறவர்களுக்கு முதல் கடிதமா? அந்த அக்கா ரேடியோ முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பாளே! அந்த வாரமே இன்னொரு கடிதம் எழுதினார். ‘ஒரு பல் டாக்டர்.’ அடுத்த மாதம் ‘ஒரு தையல்காரி’. அப்புறம் நர்ஸ், தபால்காரர், நீச்சல் வாத்தியார். ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று பேர் ஆகிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் குழம்பாமல் இருக்க ஒரு நோட்டுப் புத்தகமே போட்டார். தையல்காரிக்குப் பச்சை மை. டாக்டருக்கு இடது கை. தபால்காரருக்குச் சாய்ந்த எழுத்து. “ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியாமல் அளுதேன்” என்று தையல்காரி எழுதியதைப் படித்து இவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ழகரம் இவர் நாக்கிலும் நிற்காது, பேனாவிலும் நிற்காது. பழம் இவருக்குப் பளம், மழை மளை. கட்டடத்துக்குக் கட்டடம் இவர் மாட்டுகிற அட்டையில் ‘லிப்ட் பளுது’ என்றுதான் இருக்கும். ஒரு தடவை யாரோ சிவப்பு மையில் அடித்துக் காட்டினார்கள். என்ன தப்பு என்று தெரியாமல் புது அட்டை எடுத்து, இன்னும் பெரிய எழுத்தில், ‘பளுது’ என்று எழுதி மாட்டினார்.

சரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இவர் ஒரு லிப்ட் பள்ளத்தில் குனிந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். பாக்கெட் ரேடியோவில் அறிவிப்பாளரம்மாவின் உற்சாகக் குரல்: “வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நம் நிலையத்தின் ஏழாவது மாடி அரங்கில், ‘கதவைச் சாத்து’ நேரில் வந்து பாடுகிறார்கள்! கடிதம் எழுதிய இருபத்து மூன்று நேயர்களுக்கும் அவரவர் தொழில் எழுதிய நாற்காலி காத்திருக்கிறது. அனைவரையும் சந்திக்கக் குழுவினர் ஆவலாக இருக்கிறார்கள்!”

 மாடிப்படியார் கையிலிருந்த துணி எண்ணெயில் விழுந்தது. மாட்டினால் வேலை போகும், அந்தக் கட்டடத்து லிப்டுக்கும் இவர்தான் மெக்கானிக். ஆனால் அதற்குக்கூட அவர் அவ்வளவு நடுங்கவில்லை. அந்த அக்கா வந்து நிற்பாள். இருபத்து மூன்று நாற்காலி காலியாக இருக்கும். இத்தனை வருஷமும் தன் பாட்டைக் கேட்டது ஒரே ஒரு ஆள்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அது தெரியக் கூடாது. உயிரே போனாலும் தெரியக் கூடாது.

வெள்ளிக்கிழமை வரை சோறு இறங்கவில்லை. அதற்குள் மனைவி கையில் நோட்டுப் புத்தகம் சிக்கிவிட்டது.

“ஏங்க, யாருங்க இந்தத் தையல்காரி? தனியா இருக்காளாம், பச்சை மையாம்! நர்ஸ் வேற ஒருத்தி!”

“ஐயோ, அது நான்தான்!”

“எது?”

“தையல்காரி நான்தான். நர்ஸும் நான்தான். நீச்சல் வாத்தியாரும் நான்தான்.”

“உங்களுக்கு நீச்சலே தெரியாதே!”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நோட்டைப் புரட்டினாள், ரொம்ப நேரம் புரட்டினாள். “எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு கடிதம் எழுதினீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “சரி, நர்ஸா நான் வர்றேன். மத்த இருபத்தொரு பேருக்கு எங்க போவீங்க?” என்றாள்.

அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதுதான் அவருக்குத் தோன்றியது. அந்தப் பதிலைக் கேட்டால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும். லிப்டை நிறுத்திவிட்டால்? ஏழு மாடி ஏற முடியாமல் வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடலாமே! டாக்டருக்கு முட்டி வலி, தபால்காரருக்கு வயசாகிவிட்டது. பழி லிப்டுக்குப் போகும்.

லிப்டை நிறுத்த ஒரு முறை இருக்கிறது. முதலில் பெட்டியைக் கீழே வரவழைக்க வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் கதவைப் பூட்டி, மேலே போய் மின்சாரத்தை அணைக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இதில் அவர் தவறியது கிடையாது. அன்றைக்குப் பயத்தில் புத்தி பிசகிவிட்டது. ஒன்பது மணிக்கு, மனைவியை வாசலில் விட்டுவிட்டு, ‘லிப்ட் பளுது’ அட்டையைக் கீழே மாட்டினார், யார் கண்ணிலும் படாமல் படியேறி ஓடினார், உச்சியில் இருந்த இயந்திர அறைக்குள் நுழைந்தார், மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

சக்கரம் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கிணறு மாதிரி இருண்ட அந்த வழியில், கீழே எங்கிருந்தோ ஒரு அலறல். அப்புறம் கதவில் யாரோ இடிக்கிற சத்தம். டப்... டப்... டப்...

அந்தக் குடையை அவருக்குத் தெரியும்.

 கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. போன கையை அவரே பிடித்து இழுத்துக்கொண்டார். உள்ளே இருக்கிறவர்கள் கதவை நெம்பிக்கொண்டிருந்தால்? யாராவது இடுக்கு வழியாகக் காலை வெளியே விட்டிருந்தால்? இப்போது மின்சாரம் கொடுத்தால் பெட்டி நகரும். நகர்ந்தால் ஆள் துண்டாகிவிடுவான். விழுந்தடித்துப் படியிறங்கினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பெட்டி நின்றிருந்தது. மூன்றாவது மாடி லிப்ட் வாசலில், அலறல் கேட்டுப் படியேறி ஓடி வந்த மனைவி மூச்சு வாங்கியபடி நின்றாள்.

“கதவை யாரும் தொடாதீங்க!” என்று கத்தினார்.

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல்: “கொஞ்சம் நெம்பிட்டேங்க, இவளைத் தூக்கி விட்டா...”

“வேண்டாங்க! கையை எடுங்க! குடையையும் எடுங்க!”

“இவளுக்கு மூச்சு முட்டுது! சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க!”

அந்த மூச்சு வெளியே கேட்டது. இழுத்து இழுத்து வந்தது. அது எப்படிப்பட்ட மூச்சு என்று உலகத்தில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, மாடிப்படியாருக்குத் தெரியும். தரையில் மண்டி போட்டு, கதவின் இடுக்கில் வாயை வைத்தார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

“அக்கா, பயப்படாதீங்க. லிப்ட் கீள விளாது. சொல்றேன் கேளுங்க. இன்னைக்குக் கூரை விளலை. இன்னைக்கு மாடி விளலை. முன்பல்லு ரெண்டும் விளலை. நீங்களும் இன்னும் விளலை. என்கூடச் சொல்லுங்கக்கா.”

இழுத்து வந்த மூச்சு கொஞ்சம் தணிந்தது. 

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றது அந்தக் குரல். ஆறு வருஷமாக ரேடியோவில் கேட்ட குரல்.

“விளலைங்க, அக்கா.”

இருமலும் சிரிப்புமாக ஏதோ வந்தது. “நீங்கதானா? கீழ ‘பளுது’ன்னு அட்டையைப் பார்த்ததுமே இவர்கிட்ட சொன்னேன், அந்த ஆளு இந்தக் கட்டடத்துலதான் இருக்காருன்னு. அவர் இருக்கும்போது என்ன ஆகிடும்னு நம்பித்தான் ஏறினோம்.”

 “எந்த... எந்த ஆளுங்க?”

“ரேடியோக்காரங்க எல்லாக் கடிதத்தையும் எங்களுக்கு அனுப்பி வைப்பாங்க. பல் டாக்டர் அளுதாரு. தையல்காரி அளுதாங்க. தபால்காரரும் அளுதாரு. இத்தனை பேரும் ஒரே மாதிரி அளுவாங்களா, சொல்லுங்க?”

“அப்ப... வேற யாரும் எளுதலைன்னு...”

“தெரியும்” என்றாள்.

எதை மறைக்க இத்தனை பேரை உண்டாக்கினாரோ, அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் இத்தனை வருஷமும் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமா, துக்கமா, எது என்று அவருக்கே புரியவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

“அறிவிப்பாளரம்மாகிட்ட நாங்க மூச்சு விடலை” என்றாள் அவள். “சொன்னா நிகழ்ச்சியே நின்னுடும். உங்களைப் பார்க்க வேற வழி இல்லையே.”

மனைவியைக் கதவருகே காவல் வைத்துவிட்டு மேலே ஓடினார். “கை, கால் எல்லாம் உள்ளதான் இருக்கு, போடுங்க!” என்று அவள் கீழேயிருந்து கத்தினாள். இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தூக்கினார்.

அவர் இறங்கி வந்தபோது மூன்றாவது மாடியில் கதவு திறந்திருந்தது. தங்கை கீபோர்டைக் கட்டிப்பிடித்திருந்தாள். அக்கா புருஷன் கையில் வளைந்துபோன குடை. அக்கா கைப்பிடியைப் பற்றியபடி வெளியே வராமல் நின்றாள். அவர் நினைத்திருந்ததைவிடக் குள்ளம், முகம் வெளுத்துக் கிடந்தது.

“நான்தான் நிறுத்தினேன்” என்றார் இவர். “வேணும்னேதான். நாற்காலி காலியா இருந்தா நீங்க...” 

அக்கா புருஷன் குடையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். 

“எனக்கு முட்டி வலி, நாலு மாடி ஏற முடியாது” என்றாள் அக்கா. “நாங்க மட்டும் இதுல நிக்கவும் இனிமே தைரியம் இல்லை. நீங்களும் ஏறினா வர்றேன்.”

ஆறு வருஷம்! மாடிப்படியார் படிக்கட்டைப் பார்த்தார். மனைவி அவர் முதுகில் கையை வைத்தாள், தள்ளவில்லை, சும்மா வைத்தாள். ஏறிவிட்டார், பின்னாலேயே அவளும். கதவு மூடியது. 

“பயமா இருக்குங்க” என்றார்.

“எங்களுக்கும்தான்” என்றாள் அக்கா. “கேக்கற ஆளோட முகத்தைப் பார்த்து நாங்க வாசிச்சதே இல்லை. அந்த ஒரு ஆளும் வராம போயிட்டா என்ன பண்றதுன்னு நாலு நாளா தூங்கலை.”

நாலாவது மாடி போனது. ஐந்தாவது போனது.  ஏழாவதில் கதவு திறந்தது. அரங்கத்தில் மூன்று வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தொழில். அறிவிப்பாளரம்மா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள். “என்னங்க இது, ஒருத்தரையும் காணோம்! மத்தவங்க எல்லாம் எங்க?”

  மனைவி மாடிப்படியாரின் கையைப் பிடித்து அழைத்துப்போய், ‘லிப்ட் மெக்கானிக்’ என்று எழுதியிருந்த முதல் நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் ‘நர்ஸ்’ நாற்காலியில் தானும் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“எல்லாரும் வந்தாச்சுங்க” என்றாள். “கதவைச் சாத்துங்க.”