போட் டிரெய்லருக்குத் தாழ்வான டயர்

இன்னைக்கு மாசாய் டவுன்ல ஒரு டயர் கடையில போட் டிரெய்லருக்குத் தாழ்வான டயரும் சின்ன ரிம்மும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"பழைய டயரே நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்துறீங்க?"ன்னு கேட்டார் கடைக்கார அண்ணன்.

"தண்ணிக்குள்ள இறக்கும்போது டிரெய்லர் தாழ்ந்து நின்னா போட் சீக்கிரம் மிதந்துடும்ணே. தள்ள ஆள் வேணாம்."

முன்னாடி என் கூட்டாளி சேகர் தள்ளுவான். இப்போ குடும்பத்தோட வெளிநாட்டுக்கு, பெர்த்துக்கே குடிபோயிட்டான். அதை அவர்கிட்ட சொல்லல.

டயர் மாட்டி முடிச்சதும் டிரெய்லர் அழகா தாழ்ந்து நின்னுச்சு. அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "போட் தானா மிதந்துடும், சரி. நீங்க காரைக் கரைக்கு மேல ஏத்தி பார்க் பண்ணிட்டு வர்ற வரைக்கும் போட் கயிறை யார் பிடிப்பா?"

அதுக்கு எந்த சைஸ்லயும் டயர் வர்றதில்ல லா.

ஞாயித்துக்கிழமை பொந்தியான் கடலுக்கு மீன் பிடிக்கப் போறேன். கூட வர்றவங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியலன்னாலும் பரவாயில்ல. கயிறு பிடிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.